ஏற்காட்டில் கிடந்த கிதாருக்குப் புதுக் கம்பி

வேலைக்கு எடுத்தது 41 அங்குல ட்ரெட்நாட் அக்கூஸ்டிக் கிதார். எஃகுக் கம்பி, ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, கம்பி முனைகளைத் துளையில் அடைக்கும் பிளாஸ்டிக் பின் (சிறு முளை) போட்ட பிரிட்ஜ், அதாவது உடம்பின் மேல் கம்பிகள் மாட்டும் கட்டை. ஏற்காட்டு வீடு ஒன்றின் சுவரில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கிவிட்டு சேலம் அஸ்தம்பட்டிக்கு இறங்கியது. புகார் ஒன்றுதான்: எத்தனை முறை சேர்த்தாலும் சுருதி நிற்கவில்லை, இதைவிட நல்ல கம்பி போட வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்ததில் கிடைத்தவை இவை. முதல் இரண்டு கம்பிகளிலும் (மெல்லியது முதலாவது, தடித்தது ஆறாவது) விரல் படும் இடமெல்லாம் துரு. முதல் கம்பி சாவியின் (தலையில் கம்பியை முறுக்கும் திருகு) தண்டில் ஒரே சுற்று, இழுத்தால் வழுக்கும். ஆறாவது கம்பி ஏழு சுற்று, அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கிறது. நான்காவது பின் மற்றவற்றைவிட இரண்டு மி.மீ. மேலே எழும்பி நிற்கிறது. இதில் துரு மட்டும்தான் கம்பியின் கணக்கு. மற்ற மூன்றும் மாட்டிய கையின் கணக்கு. இந்த மூன்றைச் சரி செய்யாமல் எந்த விலைக்குக் கம்பி வாங்கிப் போட்டாலும் புகார் அப்படியே திரும்பி வரும்.

எந்தக் கம்பி

கடையில் '10', '11', '12' என்று கேட்பது முதல் கம்பியின் தடிமன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 12 என்றால் 0.012 அங்குலம், சுமார் 0.30 மி.மீ. 12-53 செட்டை (முதல் கம்பி 12, ஆறாவது 53) சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து பிரிட்ஜை ஏறக்குறைய 73 கிலோ விசையோடு இழுக்கும். 11-52 அதில் ஐந்தாறு கிலோ குறைவு. 10-47 இன்னும் இலகு; விரல் பழகாதவருக்கு நல்லது, ஆனால் பெரிய உடம்புள்ள கிதாரில் சத்தம் மெலிந்துவிடும்.

இந்தக் கிதாரின் மேல்பலகை மலை ஈரத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் கொஞ்சம் உப்பியிருந்ததால் 11-52 போடப்பட்டது. தடிமன் வரிசை: 0.011, 0.015, 0.022, 0.032, 0.042, 0.052. முதல் இரண்டும் வெறும் எஃகு. மூன்றாவதிலிருந்து சுருள் சுற்றிய கம்பி. உங்கள் செட்டில் மூன்றாவதும் வெறும் கம்பியாக இருந்தால் அது எலெக்ட்ரிக் கிதார் செட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உறையை மறுபடி பாருங்கள்.

சுருளின் உலோகம் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். புதிதில் கண்ணாடி மாதிரி ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் என்பது செம்போடு தகரமும் துளி பாஸ்பரஸும். ஒலி கொஞ்சம் கதகதப்பு, மங்குவதும் தாமதம். ஏற்காட்டு மூடுபனியில் இருக்கப்போகும் கிதாருக்கு மேலே மெல்லிய பூச்சுள்ள கம்பி கொடுத்த காசுக்குத் தகும். சேலத்து வறண்ட வெயிலில் அந்தக் கூடுதல் செலவு அவ்வளவு அவசியமில்லை, கை அதிகம் வியர்ப்பவராக இருந்தாலொழிய.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிதாருக்கு இந்தச் செட் எதுவுமே ஆகாது. அதன் உள்கட்டைகள் ஏறக்குறைய 40 கிலோவுக்குச் செய்தவை. எஃகுக் கம்பி போட்டால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். பின் இல்லாமல், கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் பிரிட்ஜாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலையேறியவுடன் மாற்றாதீர்கள்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் கிதாரை எடுத்துப் பார்த்தால் எல்லாக் கம்பியும் சுருதி ஏறியிருக்கும். எஃகு குளிரில் சுருங்குகிறது, மரம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை, அதனால் இழுவை கூடுகிறது. பத்து டிகிரி குறைந்தால் முதல் கம்பி சுமார் பத்து சென்ட் ஏறும். சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. ஆறாவது கம்பி ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு ஏறும். தடித்த கம்பிதானே அசையாமல் நிற்க வேண்டும் என்று தோன்றலாம். தடிமன் எல்லாம் வெளிச்சுருள். இழுவையைத் தாங்கும் உள்கம்பி தன் அளவுக்கு அதிகம் நீண்டிருப்பதில்லை. குறைவாக நீண்ட கம்பியில் சிறு சுருக்கமும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே எந்தத் திசையில் பயணம் போனாலும், பெட்டியை மூடியபடி ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். இறங்கும்போது இது இன்னும் முக்கியம். குளிர்ந்த காலையில் மேலிருந்து கிளம்பிய கிதாரை சேலம் வந்ததும் திறந்தால், குளிர்ந்த கம்பியில் ஊர்க் காற்றின் ஈரம் பூக்கலாம். புதுக் கம்பிக்குத் துரு இப்படியும் பிடிக்கும். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

கருவிகள்

ஸ்ட்ரிங் வைண்டர் (சாவியை வேகமாகச் சுழற்றும் கைப்பிடி), கம்பி வெட்டும் கட்டர், கிளிப் ட்யூனர் அல்லது போனில் ஒரு ட்யூனர் செயலி, பழைய பருத்தித் துணி இரண்டு, கழுத்துக்கு அடியில் வைக்க உருட்டிய துண்டு, 2பி பென்சில். வைண்டர் இல்லாமலும் முடியும், கை நோகும்: 14:1 பல்சக்கரச் சாவியில் (சாவி 14 முறை திரும்பினால் தண்டு ஒரு சுற்று) தண்டு இரண்டரைச் சுற்றுச் சுற்ற, சாவியை 35 முறை திருப்ப வேண்டும். அது ஒரு கம்பிக்கு.

கட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சேலத்தில் கொலுசுப் பட்டறை பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து வெள்ளிக்கம்பி வெட்டும் சின்னக் கட்டரை இரவல் வாங்கி வந்துவிடாதீர்கள். வெள்ளி மெத்தென்ற உலோகம். கிதாரின் முதல் கம்பி உயர்கார்பன் எஃகு. ஒரே வெட்டில் கட்டரின் வாயில் பள்ளம் விழும், அப்புறம் அது வெள்ளியையும் சுத்தமாக வெட்டாது. எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கனமான கட்டிங் பிளேயர் போதும்.

கழற்றுவது

இறுகிய கம்பியை வெட்டாதீர்கள். சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். ஆறு சாவிகளையும் கம்பி தொளதொளவென்று ஆகும்வரை இறக்கி, பிறகு நடுவில் வெட்டுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்றொரு பயம் பரவலாக உண்டு. இந்த வகைக் கிதாரில் சில மணி நேரம் கம்பியில்லாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. ஃபிங்கர்போர்டைத் துடைக்க இதுதான் சமயம்.

பின் வராவிட்டால் பிளேயரால் பிடுங்கக் கூடாது. தலை உடையும், அல்லது பிரிட்ஜ் மரம் பிளக்கும். கம்பியை முதலில் துளைக்குள் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். கம்பியின் அடிமுனையில் இருக்கும் குண்டு இறங்கி, பின்னின் பிடி தளரும். வைண்டரின் பிளவில் தலையை மாட்டி நெம்பினால் வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் பின்னின் நுனியை அடியிலிருந்து மேலே தள்ளுங்கள். இந்தக் கிதாரில் நான்காவது பின் கையோடு வந்தது, அது நல்ல சகுனம் இல்லை. ஆறு பின்களையும் வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். துளைகள் எல்லாம் ஒரே அளவில் தேய்வதில்லை.

கம்பி இல்லாதபோது பார்க்க வேண்டியவை: பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளை நுழைத்தால் உள்ளே போகிறதா (போனால் பிரிட்ஜ் தூக்குகிறது, கம்பி மாட்டாதீர்கள்), சாடிலில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறிப்போகும் சிறு பட்டை) கம்பி அறுத்த பள்ளம் உண்டா, சாவிகளின் முன்பக்க அறுகோண நட் ஆடுகிறதா. இதில் இரண்டு நட் ஆடின. பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பானர் சேரும், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். சாடிலுக்கு அடியில் பிக்கப் (ஒலியை மின்சாரமாக மாற்றும் பட்டை) வைத்த கிதாராக இருந்தால் சாடிலைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

ஃபிங்கர்போர்டின் அழுக்கை உலர்ந்த துணியாலும், ஃப்ரெட் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஓரங்களில் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பாலும் எடுக்கலாம். மரம் வெளிறி வறண்டிருந்தால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கைந்து சொட்டு, முழு நீளத்துக்கும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு முழுக்கத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், நாறும். வார்னிஷ் அடித்த வெளிர் மேப்பிள் போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

பின்: இழுவையைத் தாங்குவது அது இல்லை

நான்காவது பின் ஏன் எழும்பியது என்பது இங்கே விளங்கும். கம்பியைப் பிடித்து வைத்திருப்பது பின் என்று நினைத்து, கட்டைவிரலால் அழுத்தி, போதாக்குறைக்குச் சுத்தியல் கைப்பிடியால் தட்டுபவர்களும் உண்டு. உண்மையில் இழுவையைத் தாங்குவது மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் பிளேட். கம்பி முனையின் குண்டு அந்தப் பலகையின் அடிப்பக்கத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்தக் குண்டு விலகாமல் ஓரமாக ஒதுக்கி வைப்பது மட்டுமே பின்னின் வேலை. குண்டு பின்னின் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டால், இழுவை முழுதும் பின்னை மேலே தள்ளும். மெல்ல எழும்பினால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். சட்டென்று எழும்பினால் பின் பறக்கும்.

அதனால் செய்ய வேண்டியது: குண்டுக்கு மேலே ஒன்றரை செ.மீ. தூரத்தில் கம்பியை விரலால் இலேசாக வளையுங்கள், கூர்மையாக மடிக்க வேண்டாம். வளைந்த முனை கழுத்துப் பக்கம் பார்க்கும்படி துளைக்குள் விடுங்கள். பின்னின் பள்ளம் ஒலித்துளையைப் பார்க்கட்டும். பின்னைத் தளர்வாக உள்ளே வைத்து, ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டபடி மறுகையால் கம்பியை மேலே இழுங்கள். குண்டு பலகையில் முட்டும்போது 'டக்' என்று கையில் தெரியும். அப்போது பின்னை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். மறுபடி இழுத்துப் பாருங்கள். பின் துளியும் எழும்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் போனை ஒலித்துளைக்குள் நீட்டி ஃபிளாஷோடு ஒரு படம் எடுங்கள். ஆறு குண்டுகளும் பலகையோடு ஒட்டி ஒரே உயரத்தில் தெரிய வேண்டும்.

டடாரியோ செட்டில் கம்பிகளைக் குண்டின் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம்: ஆறாவது பித்தளை நிறம், ஐந்தாவது சிவப்பு, நான்காவது கறுப்பு, மூன்றாவது பச்சை, இரண்டாவது ஊதா, முதலாவது வெள்ளி நிறம். வேறு செட்களில் பெரும்பாலும் தனித்தனி உறையில் எண் இருக்கும். உறையை எல்லாம் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டு மூன்றாவதையும் நான்காவதையும் கண்ணால் பிரித்தறிய முயல்வது வீண் வேலை.

சுற்று: எவ்வளவு தொய்வு விட வேண்டும்

எத்தனை சுற்று வரும் என்பது ஊகத்துக்கு விட வேண்டிய விஷயமில்லை. சாவித் தண்டின் குறுக்களவு சுமார் 6 மி.மீ.; ஆகவே ஒரு சுற்றுக்கு 19 மி.மீ. கம்பி போகும். சுருள் கம்பிக்கு இரண்டிலிருந்து மூன்று சுற்று வேண்டும் என்றால் 4 முதல் 5.5 செ.மீ. தொய்வு. வெறும் கம்பிக்கு நான்கு சுற்று என்றால் 7.5 செ.மீ. கம்பியைத் தண்டின் துளை வழியே விட்டு இறுக்கமாக இழுத்து, பிறகு இந்த அளவு பின்னுக்குத் தள்ளினால் சரியாக வரும். அடுத்த தண்டுவரை நீட்டி அளக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் பக்கத்துக்கு மூன்று சாவி உள்ள தலையில் மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு அப்பால் தண்டே கிடையாது. ஸ்கேல் வைத்து அளப்பதே நல்லது.

குறைந்த சுற்று வழுக்கும். இந்தக் கிதாரின் முதல் கம்பி செய்தது அதுதான். நிறையச் சுற்றினால் பிடி வலுக்கும் என்பதும் தவறு. ஏழு சுற்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், வாசிக்க வாசிக்க அவை சரிந்து இறுகி, ஒவ்வொரு சரிவுக்கும் சுருதி ஒரு படி இறங்கும்.

திசை: கம்பிகள் தண்டுகளின் உட்பக்கமாகவே வர வேண்டும். தலையை நேராகப் பார்த்தால் 6, 5, 4 தண்டுகள் கடிகாரத்துக்கு எதிராகவும், 1, 2, 3 கடிகாரத் திசையிலும் சுழல வேண்டும். துளையைக் கம்பியின் நேர்க்கோட்டில் திருப்பி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சுருள் கம்பியில் முதல் சுற்று துளைக்கு வெளியே நீட்டும் வாலுக்கு மேலே, அடுத்தவை அதற்குக் கீழே. வால் நடுவில் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். கீழ்நோக்கிச் சுற்றினால் நட்டின் மேல் கம்பி அழுந்தும் கோணமும் கூடும் (இந்த நட் சாவியின் அறுகோண நட் இல்லை; கழுத்தின் உச்சியில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சிறு பட்டை). சுற்றும்போது இன்னொரு கையின் ஆட்காட்டி விரல் கம்பியை நட் பள்ளத்தில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சுற்றுகள் ஏறிக்கொள்வது பெரும்பாலும் கம்பி தொளதொளப்பாக இருக்கும்போதுதான்.

முதல் இரண்டு வெறும் கம்பிகளுக்குப் பூட்டு போடலாம். துளையைத் தாண்டிய வாலைத் தண்டின் உட்பக்கம் வழியே திருப்பி, உள்ளே வரும் கம்பிக்கு அடியில் நுழைத்து, மேலே மடக்கி இழுத்துப் பிடியுங்கள். தண்டு சுழலும்போது வால் தன் கம்பியின் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். இப்படிப் பூட்டினால் இரண்டு சுற்றே போதும்.

சுருதிக்கு வந்த பிறகே வாலை வெட்டுங்கள். சுருள் கம்பியை மாட்டும் முன்பே வெட்டினால், மேல்சுருள் உள்கம்பியிலிருந்து தளரலாம். கம்பி புதிதாக இருந்தும் 'தொப்' என்று ஒலிக்கும், அதைச் சரி செய்ய வழியே இல்லை. நீளம் குறைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் செங்குத்தாக ஒரு மடிப்பு மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள்.

சுருதிக்கு ஏற்றுவது

ஆறிலிருந்து ஒன்றுவரை ஹெர்ட்ஸில்: ஈ 82.41, ஏ 110, டி 146.83, ஜி 196, பி 246.94, ஈ 329.63. பல ட்யூனர்கள் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று காட்டாது. புது முதல் கம்பி மாட்டிய பத்தாவது நிமிடத்தில் அறுகிறது என்றால், ஈ-யைத் தாண்டி அடுத்த ஈ தேடி முறுக்கியிருக்கலாம். இல்லையென்றால் கை வேறொரு சாவியைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கும். ஹெர்ட்ஸ் காட்டும் செயலியாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். வீணைப் பிரடை உரசலில் நிற்பது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அங்கேயே நிற்கும். கிதார் சாவியில் பல்சக்கரம். இறக்கி நிறுத்தினால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சிறு வெற்றிடம் மிஞ்சும், இரண்டு முறை மீட்டியதும் கம்பி அதை எடுத்துக்கொள்ளும்.

ஏற்றும்போது நட்டில் 'டிங்' என்று சத்தம் கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்கிச் சிக்கித் தாவுகிறது. 10-லிருந்து 12-க்கு மாறும்போது இது வாடிக்கை, பள்ளம் பழைய தடிமனுக்கு வெட்டியது. கம்பியை ஓரமாக ஒதுக்கி, பள்ளத்தில் 2பி பென்சிலால் நாலு தேய் தேயுங்கள். அப்படியும் போகாவிட்டால் பள்ளத்தை அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும். அது தனி வேலை. ஒரு துளி அதிகமானால் திறந்த கம்பி கரகரக்கும், நட்டையே மாற்றும்படி ஆகும்.

ஆறும் சுருதிக்கு வந்ததும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒவ்வொன்றையும் விரலால் ஒன்று, ஒன்றரை செ.மீ. தூக்கி விடுங்கள். சுருதி இறங்கும். மறுபடி ஏற்றுங்கள். இந்தக் கிதாரில் மூன்றாவது முறையில் நான்கு கம்பிகள் நின்றன. முதல் இரண்டும் ஐந்தாவது முறைதான் அசையாமல் நின்றன. இப்போது வாலை மூன்று மி.மீ. விட்டு வெட்டி, முனையைத் தலைப்பலகையைப் பார்க்க மடக்கலாம். பிசிறு விரலைக் குத்தாது.

கம்பி எங்கே அறுகிறது என்பதைக் கவனித்து வையுங்கள். தண்டில் என்றால் துளையின் விளிம்பில் கூர் இருக்கிறது. மெல்லிய எமரித் தாளைச் சுருட்டி உள்ளே விட்டு மழுக்குங்கள். சாடிலில் என்றால் அங்கே பள்ளமோ கூரோ இருக்கிறது. நட்டில் என்றால் மேலே சொன்ன சிக்கல். இடம் மாறி மாறி அறுந்தால்தான் கம்பியையும் துருவையும் குறை சொல்ல வேண்டும்.

அளவு

கழற்றும் முன் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் 3 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். புதுக் கம்பியோடு, சேலத்தில் இரண்டு நாள் கழித்து, 3 மி.மீ. சரியாக. இலகுவான செட் பாதிக் காரணம், உப்பிய பலகை ஈரம் விட்டு இறங்கியது மீதிக் காரணம். முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்து ஏழாவதில் இடைவெளி பார்த்தால் 0.25 மி.மீ.; டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜே இதற்குப் போதும். இந்த அளவில் டிரஸ் ராடை (கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தொட வேண்டியதில்லை. உயரம் இன்னும் அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் சாடிலின் அடியில் அதைப் போல இரண்டு மடங்கு, ஒரு மி.மீ., தேய்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் தேய்க்காதீர்கள். சேலத்துக் கோடையில் பலகை வறண்டு தானாகவே தாழும், தேய்த்த கிதார் கரகரக்கும். அப்போது ஃப்ரெட்டின் ஓரங்களும் வெளியே நீட்டிக் கையைக் கீறும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பதுதான் மரத்துக்குப் பிடிக்கும். மலையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். கீழே கோடையில் துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் ஈர ஸ்பாஞ்ச். சுவரில் தொங்கவிடுவது இரண்டு ஊருக்கும் ஆகாது.

பழைய கம்பிகளைச் சின்ன வளையமாகச் சுருட்டி டேப் ஒட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்; குப்பையில் நீளமாகக் கிடந்தால் மாட்டின் வாய்க்குள் போகும். வெட்டும்போது குண்டுகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பிரிட்ஜ் பிளேட்டின் துளை தேய்ந்துபோன கிதாரில் குண்டு அளவுக்கு மேல் ஏறி, அதை ஒட்டிய முறுக்குப் பகுதி சாடிலின் மேலேயே வந்து உட்காரும். ஒலி மங்கும், அங்கேயே அறும். புதுக் கம்பியை மாட்டும் முன் ஒரு பழைய குண்டை அதில் கோத்துவிட்டால் முறுக்கு மறுபடி துளைக்குள் இறங்கிவிடும். இந்தக் கிதாரின் நான்காவது கம்பிக்கு அப்படி ஒன்று கோத்திருக்கிறது.